இடைச் சுருக்க சாஸ்திரம்

கல்வெட்டுக்களின் காலத்தையும் புலவர்களின் பிறந்த ஊரையும் கடல்கொண்ட துறைமுகங்களின் ஸ்தானத்தையும் நிர்ணயிப்பதில் ஆயுளைச் செலவிட்ட நம் ஆராய்ச்சியாளர்கள், மனித சரீரத்தில் விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அமைந்த சிறு பிரதேசத்தை மட்டும் கவிகளிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கவிகளோ அதை மின்னல் என்றும் கொடி என்றும் வர்ணித்து, பின்பு அப்படி ஒன்று உண்டா இல்லையா என்றே சந்தேகத்தையும் கிளப்பிவிட்டுப் போனார்கள். கிள்ளானில் ஏதேனும் ஒரு கல்யாண மண்டபத்தில் அரைமணி நேரம் நின்று பார்ப்பவருக்கு அந்தச் சந்தேகம் எழ நியாயமில்லை. இடை உண்டு, வேண்டிய அளவுக்கு மேலேயே உண்டு. அதை உள்ளதிலும் குறைவாகக் காட்டும் பொருட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் கைக்கொள்ளும் உபாயங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மெலிவதைப் பற்றி வைத்தியர்கள் எழுதட்டும். மெலிந்தாற்போல் தோன்றுவதைப் பற்றி யாராவது எழுதித்தானே ஆகவேண்டும்?

முதற்கண் எல்லைத் தகராறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் சரிபாதியான இடத்தில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் நாடா சுற்றி அளப்பதே இடையளவு என்பதும், ஆசியர்களில் ஆண்களுக்கு 90 செண்டிமீட்டரும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டரும் அபாய எல்லை என்பதும் சுகாதார நிபுணர்களின் சித்தாந்தம். கால்சட்டைக்காரர்களின் சித்தாந்தம் வேறு. வயிறு முன்னே வளர வளர இடைவாரைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போய், தொப்பையின் நிழலில் அதை மாட்டிக்கொண்டு, 'கல்யாணத்துக்குத் தைத்த முப்பத்திரண்டுதான் இன்றைக்கும் எனக்கு' என்று சாதிக்கும் கனவான்களைப் பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் காணலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. அளக்கும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவே.

இந்தத் தகராறைத் தீர்க்கும் முறையைக் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு தையற்காரரிடம் கண்டேன். நாடா இடுப்பைத் தொட்ட மாத்திரத்தில் வாடிக்கையாளர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். தையற்காரர் அவசரப்படவில்லை. நாடாவைத் தளர்வாகப் பிடித்தபடியே, "பிள்ளை இப்போ எந்தப் பள்ளியில படிக்குது அண்ணே?" என்று விசாரித்தார். மூச்சை விடாமல் அக்கேள்விக்கு மறுமொழி சொல்லுதல் மானிட சாத்தியமன்று. பள்ளியின் பெயர் வெளிவந்த அதே கணத்தில் நாடா இறுகியது. தையற்காரர் அளவைச் சத்தமின்றிக் குறித்துக்கொண்டு, அதற்குமேல் இரண்டு விரற்கடை சேர்த்துக்கொண்டார். 'இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில்' என்ற நிபுணர் விதியை இவ்வளவு செவ்வையாக நிறைவேற்றும் பரிசோதனைச்சாலை வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. தையற்காரருக்கு முன்பிருந்த கருவி அரைஞாண்கொடி. வீட்டுப் பெரியவர் இடுப்பில் அது பதிந்து தடம் விழும்போது குடும்பத்துக்கே விஷயம் தெரிந்துவிடும். பெண்களின் ஒட்டியாணம் இதற்கு விலக்கு. பத்தரிடம் கொடுத்து ரகசியமாக இரண்டு கண்ணி சேர்த்துவிடலாம்.

இடை இங்ஙனம் பரந்ததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் பாட்டன்மார் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து, நானூறு ஐந்நூறு ரப்பர் மரங்களைச் சீவி, பாலெடுத்து வாளி சுமந்து, அதன்பின் உண்டார்கள். பேரன்மார் அதே பசியைச் சுதந்தரித்துக்கொண்டு மரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். காலையில் ரொட்டி சானாயோடு பசியாறி, கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசலில் காடிக்குள் அமர்ந்தபடியே கோலாலம்பூருக்குப் போய், அங்கே நாற்காலியில் அமர்ந்து, மீண்டும் காடியில் அமர்ந்து திரும்பி, இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் பந்தாட்டம் பார்க்க அமர்கிறார்கள். நாள் முழுதும் அசையும் உறுப்பு வாய் ஒன்றே. சீனி கலந்த பானங்களின்மீது மலேசிய அரசாங்கம் 2019 ஜூலை முதல் நாள் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. ஆயினும் அது புட்டியிலும் டப்பாவிலும் அடைத்து விற்பவற்றைத்தான் பற்றும். மாமாக் கடையில் டின்பாலை ஊற்றி, ஒரு முழ உயரத்திலிருந்து நுரைக்க இழுக்கும் தே தாரிக்கின்மேல் சுங்க இலாகாவின் கை படுவதில்லை. தேசிய சுகாதார ஆய்வில் அதிக எடையோ உடற்பருமனோ உள்ள பெரியவர்கள் 2019இல் 50.1 விழுக்காடாகவும் 2023இல் 54.4 விழுக்காடாகவும் காணப்பட்டார்கள். ஆகவே மெலிந்தவர்களே இந்நாட்டில் இப்போது சிறுபான்மையினர்.

இனி உபாயங்கள். ஆடை மார்க்கத்தார், குறுக்குக்கோடு பருமனைக் கூட்டும், நெடுக்குக்கோடு குறைக்கும் என்பதை வேதவாக்காகக் கொண்டவர்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, குறுக்குக்கோடுகளால் நிரப்பிய சதுரமே உயர்ந்தும் ஒடுங்கியும் தோன்றும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். 2011இல் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்சன் குழுவினர் வரைந்த பெண்ணுருவங்களைக் கொண்டு சோதித்து அவர் பக்கமே சாய்ந்தார்கள். இச்செய்தி பிரிக்பீல்ட்ஸ் ஜவுளிக் கடைகளை இன்னும் எட்டவில்லை. சேலைக் கடைகளில் நிற்கும் அனுபவசாலிகளான அக்காமார் இத்தர்க்கத்தில் இறங்குவதில்லை. கொசுவத்தைச் சிறுசிறு மடிப்பாக மடித்து, ஒன்றின்மேல் ஒன்று தட்டையாகப் படியும்படி நீவி, ஊசி குத்திச் செருகுவதுதான் இடையைக் காப்பாற்றும் என்கிறார்கள், அதுவே சரி. ஆடவருக்கு ஜிப்பா இருக்கிறது; அலுவலக விருந்தில் பாஜு மெலாயு அணிவோர்க்கு இடுப்பைச் சுற்றிக் கட்டும் சம்பின் இருக்கிறது. இரண்டும் இடையைக் குறைப்பதில்லை. விசாரணைக்கு அப்பாற்பட்டதாக ஆக்கிவிடுகின்றன.

அடுத்தது தேகப்பயிற்சி மார்க்கம். வயிற்றைக் குறைக்க வயிற்றுக்கே வேலை கொடுக்கவேண்டும் என்பது இங்கே பூர்வபட்சம். மல்லாந்து படுத்து நூறு முறை எழுந்து படுப்பவரின் வயிற்றுத் தசை உரம் பெறும், சந்தேகமில்லை. ஆனால் அதன் மேலுள்ள கொழுப்பு அந்த இடத்திலிருந்துதான் கரையவேண்டும் என்று சரீரம் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அது தன் இஷ்டப்படி எங்கிருந்தெல்லாமோ எடுத்துச் செலவழிக்கும். இன்னும் சிலர் ஜிம்முக்குப் போய்க் கையில் கனமான டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்கிறார்கள். அதனால் விலாப்பக்கத் தசைகள் தடித்து, இடை மேலும் அகலவே வழியுண்டு.

சித்தாந்தம் யாதெனில், இடையின் மெலிவு ஓர் ஒப்பீடு. உடுக்கையின் நடுப்பகுதி சிறுத்துத் தெரிவது அதன் இரு முகங்களும் அகன்றிருப்பதால்தான். ஆகவே இடையை விட்டுவிட்டுத் தோளையும், முதுகின் இருபுறமும் விரியும் பெருந்தசைகளையும், பிருஷ்டத்தையும் தொடையையும் வளர்ப்பதே விவேகம். தலைக்கு மேலுள்ள கம்பியை மார்புவரை இழுத்தலும், பளு தூக்கி உட்கார்ந்து எழுதலும் இதற்கு உகந்தவை. பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ, பழைய கிரேக்கச் சிலைகளின் அங்க அளவுகளை ஆராய்ந்து தன் உடலை அவ்விகிதத்தில் சமைத்துக்கொண்டதாகப் புகழ்பெற்றவர். 1901இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் தேகக்கட்டுப் போட்டியே நடத்தினார். அவர் பெயரைத் தமிழர்கள் கையில்லாத பனியனுக்கு வைத்தார்கள். எந்த இடையையும் ஒளித்து வைக்காத அந்த உடைக்கு அப்பெயர் வாய்த்தது ஒரு வேடிக்கை. பரத நாட்டியக்காரர்கள் இவ்விகிதத்தைச் சாண்டோவுக்கு முன்பே அறிவார்கள். பிரிக்பீல்ட்ஸ் நுண்கலைக் கோயில் என்னும் கலைப்பள்ளியில் அரைமண்டியில் நிற்கும் ஒரு சிறுமியைப் பாருங்கள்: தோள்மட்டத்தில் விரிந்த முழங்கைகள் மேலே, பக்கவாட்டில் திறந்த முழங்கால்கள் கீழே, இரு முக்கோணங்களும் கூடும் முனையில் இடை. நிமிர்ந்த முதுகு இதில் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. இடுப்பு முன்சரிந்து வயிறு வெளியே தள்ள நிற்கும் ஒருவர் முதுகை நிமிர்த்தி நின்றாலே, ஒரு காசு செலவில்லாமல் பார்வைக்குச் சற்று மெலிவார்.

வாழ்க்கைமுறை பற்றி விரிவாகச் சொல்லவேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் செய்வதில்லை. தே தாரிக்குக்குப் பதில் பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்', வாழையிலையில் மூன்றாம் முறை சோறு வரும்போது கையை நீட்டி மறித்தல், தினம் கொஞ்சம் நடை. தைப்பூசத்துக்கு முன் ஒரு மண்டலம் ஒருவேளை மரக்கறி உணவோடு விரதமிருந்து, காவடியுடன் பத்துமலையின் 272 படிகளை ஏறுபவரின் இடை குறையத்தான் செய்கிறது. விரதம் முடிந்த மறுநாள் அவர் எந்தக் கடையில் உட்காருகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எஞ்சியிருப்பது சுவாச மார்க்கம். இதற்கு ஹட யோகத்தில் உட்டியான பந்தம் என்று பெயர். 1977 முதல் 1979 வரை மூன்றாண்டுகள் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற அமெரிக்கரான பிராங்க் ஜேன், மேடையில் வயிற்றை முதுகெலும்போடு ஒட்டவைத்துக் காட்டிப் பேர்பெற்றது இதே வித்தையால்தான். முறைப்படி, வெறும் வயிற்றில், மூச்சை முற்றும் வெளியே விட்டபின், வயிற்றை உள்ளும் மேலும் இழுக்கவேண்டும். நம்மவர் பந்தியில் எழுந்து கைகழுவிவந்தபின், மூச்சை நெஞ்சு நிறைய உள்ளிழுத்து அடக்கிக்கொண்டு செய்கிறார்கள். இதனால் மார்பு உயர்கிறது, முகம் சிவக்கிறது, கண் பிதுங்குகிறது. இடை மட்டும் சிலநேரம் ஓரங்குலம் உள்வாங்குகிறது. அபக்குவமான முறையாயினும், ஆராய்ந்த உபாயங்களுள் உடனே பலன் தருவனவற்றில் இதுவும் ஒன்று என்பதையும், பலன் சில விநாடிகளுக்கே என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆதலால் கிள்ளான் பள்ளத்தாக்கின் கல்யாணப் புகைப்படக்காரர்களுக்கு என் விண்ணப்பம்: மணமக்களின் இருபுறமும் மாமன்மாரும் சித்தப்பாமாரும் நின்றானதும், வெளிச்சம் போதவில்லை, கடைசியில் நிற்கும் அண்ணன் கொஞ்சம் உள்ளே வரவேண்டும் என்றெல்லாம் தாமதியாமல், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணவும் செய்யாமல், தயவுசெய்து உடனே படத்தை எடுத்துவிடுங்கள்.