கறையதிகாரம்: ஒரு முன்னாய்வு

தொல்காப்பியர் எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரங்களோடு நிறுத்திக்கொண்டார். அவர் காலத்தில் எமல்ஷன் பெயின்ட் இருந்திருந்தால் நான்காவதாகக் கறையதிகாரமும் செய்திருப்பார் என்பது என் துணிபு. அக்குறையை நீக்கப் புகுந்த இவ்வாய்வுக்குக் களம், சென்னைப் புறநகரில் தீபாவளிக்காக ஐப்பசியில் பெயின்ட் அடித்த ஒரு வீடு. ஆய்வாளன் குடியிருப்பதும் அங்கேதான். எனவே நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

கறையாவது யாதெனின், மேஸ்திரிக்குக் கணக்குத் தீர்த்த மறுநாள் தெரிவது. அதற்கு முன் தெரிந்தால் அது கறையன்று; 'இன்னும் காயல சார்' எனப்படும்.

முதற்பொருள், காம்பவுண்டுச் சுவரும் கூதிர்காலமும். கருப்பொருள், ரோலர், பட்டி, உப்புத்தாள். உரிப்பொருள் இரங்கல். ஆகவே கடல் எத்தனை தொலைவில் இருந்தாலும் திணை நெய்தல்.

முதலாவது வழிகறை. பகலில் அடித்த சுவரில் இரவு தூறல் விழுந்தால், விடியும்போது நத்தை ஊர்ந்தாற்போலப் பழுப்புக் கோடுகள். தொட்டால் பிசுபிசுக்கும். பூனை மேல் பழிபோடுவார் உளர், அது பொருந்தாது. நிறப்பொடியும் பிசினும் தண்ணீரில் திரளாமல் கலந்திருப்பதற்காக எமல்ஷனில் சோப்புக் குணமுள்ள சரக்குகளைச் சேர்க்கிறார்கள். பூச்சு இறுகுமுன் ஈரம் பட்டால் அவை மேலே வந்து வழிகின்றன. பெயின்ட் கெட்டுப்போகவில்லை. வெறும் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். இதெல்லாம் பின்னால் படித்தது. அன்று நான் அதன் மேலேயே இன்னொரு கோட் அடிக்கச் சொன்னேன். அன்றிரவும் மழை பெய்தது.

அடுத்தது உப்புப் பூப்பது. செங்கல்லிலும் சிமென்டிலும் இருக்கும் உப்பை ஈரம் கரைத்து வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு ஆவியாகிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து வந்த வழியே உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். எங்கள் வீட்டில் மாடி பாத்ரூமிலிருந்து. அது தனி அதிகாரம்.

ஆனால் தலையாய கறை, தலைக்கறையே. கூடத்தில் அப்பா தரையில் சாய்ந்து பேப்பர் படிக்கும் இடத்தில், இரண்டே முக்கால் அடி உயரத்தில், சாத்துக்குடி அளவில் வட்டமாக ஒன்று. உபயம், தேங்காயெண்ணெய். மேலே இரண்டு கோட் அடித்தும், பழைய கடன்காரனைப் போல எட்டிப்பார்த்தது. மேஸ்திரி விரலால் தடவி, முகர்ந்தும் பார்த்தார்.

"எண்ணெய் சார். இது மேல தண்ணி பெயின்ட் நிக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, ஆயில் பிரைமர் ஒரு கை கொடுத்துட்டு அடிக்கணும். பெரியவரையும் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க."

பிரைமர் கொடுத்தோம். அந்த வட்டத்துக்கு மட்டும் டச்-அப் செய்தால் அதே டின் பெயின்டும் வேறு நிறமாக ஒட்டுப்போட்டதுபோல் தெரியும் என்று, மூலைக்கு மூலை முழுச்சுவரையும் அடித்தோம். அப்பாவைத் தள்ளி உட்காரச் சொல்லும் துணிவு எங்களில் எவருக்கும் இல்லாததால், முட்டிவலியைக் காரணம் காட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டோம். அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இப்போது கறை நாலடி உயரத்தில் இருக்கிறது.