ரிவர்ஸ் போட்டதும் படம் வரணும்!

கேள்வி: நான் வாங்கியது நடு வேரியண்ட் கார். கம்பெனி கொடுத்த தொடுதிரை செட் நன்றாகவே இருக்கிறது. ரிவர்ஸ் கேமராதான் இல்லை. கடையில் கேட்டால், ‘இதைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு செட் மாட்டினால்தான் கேமரா வரும்’ என்கிறார்கள். அப்படித்தானா சார்? (தஞ்சாவூர்)

பதில்: அவசரப்பட்டுக் கழற்ற விடாதீர்கள். நடு வேரியண்டுக்கும் டாப் வேரியண்டுக்கும் ஒரே செட்டைப் போட்டு, கேமராவை மட்டும் டாப்புக்கு என்று வைத்துக்கொள்வது கார் கம்பெனிகளிடம் சாதாரணம். அப்படியிருந்தால் உங்கள் செட்டின் முதுகில் கேமராவுக்கான பின் இப்போதே காலியாக இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டாம். சர்வீஸ் சென்டரின் ஸ்பேர்ஸ் கவுன்ட்டருக்குப் போய், ‘டாப் வேரியண்ட் செட்டின் பார்ட் நம்பரும் என் செட்டின் பார்ட் நம்பரும் ஒன்றா?’ என்று கேளுங்கள். ஒன்று என்றால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி சாஃப்ட்வேரில் இருக்கிறது. சில செட்டுகளில் பின் இருந்தும் உள்ளே பூட்டு போட்டிருப்பார்கள். வயரை எவ்வளவு அழகாக இணைத்தாலும் ரிவர்ஸ் போட்டால் பாட்டுதான் ஓடும், படம் வராது. சர்வீஸ் சென்டர் ஸ்கேனரை மாட்டி, ‘இந்தக் காரில் கேமரா உண்டு’ என்று பதிவு செய்தால்தான் செட் ஒப்புக்கொள்ளும். அதைச் செய்து தருவார்களா என்று கேமரா வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பார்ட் நம்பரே வேறு என்றால், சில மாடல்களுக்கு வீடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி கிடைக்கிறது. கேமராப் படத்தைக் கம்பெனித் திரைக்குள் நுழைக்கும் வேலையை அது செய்யும். அதுவும் கிடைக்காவிட்டால்தான் செட்டை மாற்றும் பேச்சு.

கேள்வி: என் காரில் இருப்பது பட்டன் ரேடியோ. அதிலேயே கேமரா இணைக்க முடியுமா? (விருதுநகர்)

பதில்: எஃப்.எம். நம்பரைக் காட்டும் டிஸ்ப்ளேயில் உங்கள் வீட்டு காம்பவுண்ட் சுவர் தெரியாது. ரேடியோவை அப்படியே விட்டுவிட்டு, உள் கண்ணாடி மேல் மாட்டும் திரையோடு வரும் கேமரா கிட் வாங்குங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது கண் தானாகப் போகும் இடமும் அந்தக் கண்ணாடிதான்.

கேள்வி: ஒரு கடையில் மூன்று வயர் என்கிறார்கள், இன்னொரு கடையில் ஆறு என்கிறார்கள். உண்மையில் எத்தனைதான்? (ஈரோடு)

பதில்: வயரை எண்ணாதீர்கள், வேலையை எண்ணுங்கள். வேலை மூன்று. கேமராவுக்குக் கரன்ட் போக வேண்டும். படம் முன்னால் வர வேண்டும். ‘இப்போது ரிவர்ஸ்’ என்ற சேதி செட்டுக்குக் கிடைக்க வேண்டும்.

கரன்ட்டை ரிவர்ஸ் லைட்டிலிருந்தே எடுப்பது வழக்கம். கேமராவின் சிவப்பு வயர் லைட்டின் பாசிட்டிவில், கறுப்பு வயர் பாடியில் எர்த்தாக. கேமராவுக்குத் தேவையான கரன்ட் மிகக் கொஞ்சம், ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். லைட்டின் ஃபியூஸுக்கு அது பாரமே இல்லை. ஆனால் எந்த வயர் ரிவர்ஸ் லைட் வயர் என்பதை நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சாவியை ஆன் செய்து, ஹேண்ட் பிரேக் போட்டு, மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ரிவர்ஸ் போட்டால் 12 வோல்ட், எடுத்தால் பூஜ்யம் என்று காட்டும் வயர்தான் நமக்கு வேண்டியது.

படத்துக்கு, பழைய டிவிடி பிளேயரில் பார்த்த அதே மஞ்சள் பின். கம்பெனி செட்டின் முதுகில் அதைச் செருக இடம் இருக்காது. அங்கே இருப்பது பல பின் கொண்ட கப்ளர். அந்த மாடலுக்கென்று விற்கும் அடாப்டர் கப்ளரை வாங்கினால் ஒரு முனை செட்டில் உட்காரும், மறு முனை மஞ்சள் பின்னை ஏற்கும்.

சேதிக்கு உள்ள வயரைத்தான் பலர் கவனிப்பதில்லை. வீடியோ கேபிளோடு ஒட்டியே ஒரு மெல்லிய சிவப்பு வயர் இரண்டு முனையிலும் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். உபரி என்று நினைத்து அதை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. பின்னால் ரிவர்ஸ் லைட்டின் பாசிட்டிவிலும் முன்னால் செட்டின் ரிவர்ஸ் பின்னிலும் சேர வேண்டிய வயர் அது. காரின் கம்ப்யூட்டரே ரிவர்ஸ் சேதியைச் செட்டுக்குச் சொல்லிவிடும் மாடல்களில் மட்டும் அது தேவைப்படாது.

இன்னொரு விஷயம். சில ஜப்பானியக் கார்களின் கம்பெனி கேமரா 6 வோல்ட்டில் ஓடுவது. செட்டே அந்தக் கரன்ட்டைக் கொடுக்கும். சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிய கேமரா மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, ரிவர்ஸ் லைட்டின் 12 வோல்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: கேமரா புதிது, கேபிள் புதிது. ரிவர்ஸ் போட்டால் திரை மாறுகிறது, ஆனால் ஒரே கறுப்பு. கேமரா போச்சா? (திருநெல்வேலி)

பதில்: திரை மாறுகிறது என்றால் சேதி வயர் சரி. கேமராவைக் குற்றம் சொல்லும் முன் அது வந்த பெட்டியைப் பாருங்கள். ஏ.எச்.டி., 720, 1080 என்று ஏதாவது அச்சிட்டிருக்கிறதா? ஆண்ட்ராய்டு செட்டுகளுக்கு அது நல்ல கேமரா. மஞ்சள் பின் வழியாகப் படம் வாங்கும் கம்பெனி செட்டுகளோ பெரும்பாலும் சி.வி.பி.எஸ். என்ற பழைய அனலாக் சிக்னலை மட்டுமே புரிந்துகொள்ளும். சில ஏ.எச்.டி. கேமராக்களில் சி.வி.பி.எஸ்ஸுக்கு மாற்ற ஒரு சின்ன வளைய வயர் இருக்கும், அட்டையில் எழுதியிருப்பார்கள். இல்லாவிட்டால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கறுப்பாக இல்லாமல் படம் மேலும் கீழும் உருண்டாலோ நிறம் இல்லாமல் வந்தாலோ, அது பால் (PAL), என்.டி.எஸ்.சி. என்ற இரண்டு வீடியோ முறைகளின் தகராறு. முன்னது 625 கோடு, பின்னது 525. செட்டிங்கில் மாற்ற வழி இருக்கிறதா பாருங்கள். புதிய கார்கள் சிலவற்றில் கம்பெனி கேமராவே முழு டிஜிட்டல். அங்கே இந்த மஞ்சள் பின் கேமராவை நேரடியாகக் கொடுத்துப் பயனே இல்லை.

கேள்வி: இடது பக்கம் நிற்கும் பைக், திரையில் வலது பக்கம் தெரிகிறது! (புதுச்சேரி)

பதில்: உங்கள் கேமரா முன்பக்கக் கேமராவாக ஓடுகிறது. கேமராவின் வாலில் வளையமாக இருக்கும் வயர்களில் ஒன்று படத்தைத் திருப்பும், இன்னொன்று தூரம் காட்டும் கோடுகளை மறைக்கும். எந்த நிறம் எதற்கு என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். கூட வந்த தாளைப் பார்த்து வெட்டுங்கள். சரியாகும்வரை திரையைப் பார்த்து ரிவர்ஸ் எடுக்கவே வேண்டாம். படம் இல்லாததைவிட இடம் வலம் மாறிய படம் ஆபத்து.

கேள்வி: இன்ஜின் ஆஃபில் படம் பளிச். ஸ்டார்ட் செய்தால் குறுக்கே கோடு கோடாக ஓடுகிறது. (சேலம்)

பதில்: எர்த்தைப் பாருங்கள். கேமராவின் எர்த் டிக்கியில், செட்டின் எர்த் டேஷ்போர்டுக்குள். ஆல்டர்னேட்டர் ஓட ஆரம்பித்ததும் இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே மிகச் சிறிய வோல்ட் வித்தியாசம் வரும். அது வீடியோ கேபிளின் மேலுறை வழியாகப் பாய்ந்து திரையில் கோடாகிறது. முதலில் பின்னால் எர்த் கொடுத்த போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து, வெறும் இரும்பு பளபளக்கும் இடத்தில் இறுக்கச் சொல்லுங்கள். போகவில்லையா? கேமராவின் கறுப்பு வயரைச் செட்டின் எர்த்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் ஃபில்டர்.

ஐரோப்பிய கார் என்றால் காரணம் வேறாக இருக்கலாம். அவற்றில் பலவற்றில் ரிவர்ஸ் லைட்டுக்குக் கரன்ட் தொடர்ச்சியாகப் போகாது. கம்ப்யூட்டர் அதை வெட்டி வெட்டி அனுப்பும். பல்பு எரிவதில் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கேமரா துடிக்கும். கெப்பாசிட்டரோடு கூடிய ரிலே போட வேண்டும்.

கேள்வி: டிக்கியிலிருந்து டேஷ்போர்டு வரை கேபிளை எந்த வழியாகக் கொண்டுவருவது நல்லது? (நாகர்கோவில்)

பதில்: இந்த வேலையின் தரம் இங்கேதான் தெரியும். ஹேட்ச்பேக்கில் டிக்கிக் கதவுக்கும் பாடிக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கம்பெனி வயர்கள் அதற்குள்தான் போகின்றன. நம் கேபிளும் அதற்குள்தான் போக வேண்டும். உள்ளே இடம் நெருக்கம் என்பதால், சோம்பல்பட்டு வெளியே விட்டுக் கதவின் பீடிங்கில் நசுக்கி மூடிவிடுவார்கள். அன்றைக்குப் படம் வரும். நூறு முறை டிக்கி திறந்து மூடியதும் கேபிள் உள்ளுக்குள் அறுந்து, வரும் போகும் என்றாகிவிடும். போதாக்குறைக்கு மழைத் தண்ணீரும் அதே வழியில் உள்ளே இறங்கும். வீட்டு எலக்ட்ரீஷியன் குழாய்க்குள் வயர் இழுக்கும் ஸ்பிரிங்கும் கொஞ்சம் சிலிக்கான் ஸ்பிரேயும் இருந்தால் ரப்பருக்குள் கேபிள் ஏறிவிடும். ரப்பரின் இரண்டு முனையையும் மறுபடி உதடு பதியச் செருகினார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

அங்கிருந்து கீழே இறங்கி, கதவோரப் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் கம்பெனி வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டி முன்னால் வரலாம். கூரை ஓரமாகக் கொண்டுவந்தால் ஓர் எச்சரிக்கை: பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் அங்கேதான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முன்னால் கேபிள் குறுக்கே போகவே கூடாது. மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை தெரிந்தால் அது ஏர்பேக் வயர், யாரும் கை வைக்கக் கூடாது. வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். பேட்டரி இணைப்பு போய் வந்தால் செட் கேட்கும் ரேடியோ கோடு (code) உண்டா என்பதை அதற்கும் முன்னால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளியே கேமரா போட்டால் வாரண்டி போய்விடுமா? (கோயம்புத்தூர்)

பதில்: கம்பெனி வயரை வெட்டிவிட்டால் எலக்ட்ரிக்கல் வாரண்டிக்குப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கும். எங்கே கோளாறு வந்தாலும் அந்த இன்சுலேஷன் டேப் சுற்றிய இடத்தைத்தான் காட்டுவார்கள். அதனால்தான் கப்ளர் டு கப்ளர் வேலைக்குக் கொஞ்சம் கூடச் செலவானாலும் கொடுங்கள் என்கிறேன். ரிவர்ஸ் லைட்டில் சேர்க்கும் இடத்திலும் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடையாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும், ‘வயர் வெட்டாமல் செய்வீர்களா?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

கேள்வி: வயர்லெஸ் கேமரா வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே? (வேலூர்)

பதில்: வயர்லெஸ் கேமராவுக்கும் கரன்ட் வயர் உண்டு. மிச்சமாவது நடுவில் வரும் வீடியோ கேபிள் மட்டும். பல மாடல்கள் ஓடுவது வைஃபை, புளூடூத் எல்லாம் முண்டியடிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். கேபிள் இழுக்க வழியில்லாத டிரெய்லருக்கு அது சரி. வீட்டுக் காருக்குக் கேபிள்தான் என் ஓட்டு.

கேள்வி: அமெரிக்காவில் என் மகள் வீட்டில் சாதாரணக் காரிலும் ரிவர்ஸ் கேமரா இருக்கிறது. இங்கே ஏன் இல்லை? (திருச்சி)

பதில்: அங்கே அது சட்டம். சட்டத்தின் பெயரே ஒரு குழந்தையின் பெயர். 2002-ல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், வீட்டு வாசலில் அப்பா பின்னால் எடுத்த வண்டியில் அடிபட்டு இரண்டு வயது கேமரன் கல்பிரான்சன் இறந்தான். அந்த அப்பா குழந்தைகள் மருத்துவர். உயரமான வண்டிக்குப் பின்னால் அத்தனை சின்ன உருவத்தை எந்தக் கண்ணாடியும் காட்டாது. பெற்றோரும் மற்றவர்களும் போராடியதில் 2008 பிப்ரவரியில் கேமரன் பெயரிலேயே சட்டம் வந்தது. 2018 மே 1 முதல் அங்கே விற்பனைக்குத் தயாராகும் எல்லாப் புதுக் கார்களிலும் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளத்துக்குத் தரை தெரிய வேண்டும். ரிவர்ஸ் போட்ட 2 விநாடிக்குள் படம் வந்துவிட வேண்டும்.

நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயமானது. நல்ல விஷயம்தான். ஆனால் சென்சார் ‘பீப்’ என்று மட்டும்தான் சொல்லும், பின்னால் இருப்பது பூந்தொட்டியா குழந்தையா என்று சொல்லாது. உயரம் குறைந்ததையும் மெல்லியதையும் சில நேரம் தவறவும் விடும். தெருவே விளையாட்டு மைதானமாக இருக்கும் நம் ஊரில் கேமராவும் கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: திரையில் சிவப்புக் கோடு தொடவே இல்லை. ஆனால் லாரியின் பின்பக்கத்தில் டிக்கி இடித்துவிட்டது! (நாமக்கல்)

பதில்: அந்தக் கோடுகள் தரையை அளப்பவை. தரையில் இருக்கும் கல்லுக்குச் சொல்லும் தூரம் சரியாக இருக்கும். லாரியின் பின்பலகை போல அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது, நிஜத்தில் இருப்பதைவிடத் திரையில் தள்ளியிருப்பதாகத் தெரியும். வெளியே வாங்கிப் போட்ட கேமராவில் தரைக்கணக்கைக்கூட நீங்களே சரிபார்க்க வேண்டும். பம்பரிலிருந்து ஒரு மீட்டர் அளந்து சாக்பீஸால் கோடு போட்டு, அது திரையில் எந்த நிறத்தில் விழுகிறது என்று பாருங்கள். சிவப்பு என்றால் அரை மீட்டர் என்று அட்டையில் இருக்கும். உங்கள் காரின் உயரத்துக்கு அது வேறாகத்தான் வரும்.

கேள்வி: வாட்டர் வாஷில் கேமரா தாங்குமா? (கும்பகோணம்)

பதில்: ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். பிரஷர் கன் பீய்ச்சுவதைத் தாங்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை, அதற்கு ஐ.பி.69கே வேண்டும். துப்பாக்கியைக் கேமராவுக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். மழைக்காலத்தில் லென்ஸை மெல்லிய துணியால் தினமும் துடையுங்கள்.

கேள்வி: வேலை முடிந்தது என்று கூப்பிடுகிறார்கள். என்ன பார்த்துப் பணம் கொடுப்பது? (மதுரை)

பதில்: பிளாஸ்டிக் டிரிம்மை மூடும் முன் போய்விடுங்கள். இன்ஜின் ஓட, ஹெட்லைட், ஏசி, பின் வைப்பர் எல்லாவற்றையும் ஆன் செய்து, ரிவர்ஸ் போட்டு எடுத்துப் போட்டு எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 2 விநாடிக்குள் படம் வர வேண்டும், எடுத்ததும் பாட்டு திரும்ப வேண்டும். டிக்கியைத் திறந்து மூடிக்கொண்டே ஒருவர் திரையைப் பார்க்கட்டும். படம் துடித்தால் ரப்பருக்குள் கேபிள் இழுபடுகிறது. காருக்குப் பின்னால் பம்பரை ஒட்டி ஒரு தண்ணீர் பாட்டிலை வையுங்கள். பாட்டில் தெரியாவிட்டால் கேமராவை இன்னும் கீழே சாய்க்கச் சொல்லுங்கள். ஏர்பேக் விளக்கு அணைந்திருக்கிறதா என்று டேஷ்போர்டையும் ஒரு பார்வை பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் டிரிம்மை மூடச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.