கடலைப் பார்த்துப் பிறந்த கட்டடம்

புதுச்சேரியில் கட்டடமாகப் பிறந்தால் கடற்கரையைப் பார்த்துப் பிறக்க வேண்டும். மேரி என்கிற நகராட்சிக் கட்டடத்தின் ஜாதகம் அது. பல வருஷம் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் 29-ஆம் தேதி மழையில் ஊறி விழுந்தது. விழுந்த பிறகுதான் பாசம் பொங்கியது. உலக வங்கிப் பணம் வந்தது. 2021-இல் அச்சு அசலாக இன்னொரு மேரி எழுந்து நின்றது. இப்போது அதன் முன்னால் செல்ஃபிக்கு வரிசை.

ரோடியர் துணி மில் பார்ப்பதோ கடலூர் சாலையையும் ரயில்வே கேட்டையும். 1898-இல் வந்த மில். பலகையில் ஏ.எப்.டி. என்று எழுதினாலும் எங்கள் பூரணாங்குப்பத்தில் இன்றும் ரோடியர்தான். அங்கே வேலை பார்த்த பெரியவர்கள் டீக்கடையில் ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது. மில்லில் தன் வேலையை ஒரே ராத்திரியில் முடித்துக்கொண்டு போனது. மிச்சத்தை லே-ஆஃப், அரைச் சம்பளம் என்று நிதானமாக அரசாங்கம் பார்த்துக்கொண்டது. 2020 ஏப்ரல் 30-இல் மூடுவிழா. ஊரடங்கு நேரம், நாலு பேர் கூடி ஒப்பாரி வைத்தாலே வழக்கு. எவ்வளவு நல்ல முகூர்த்தம்!

துணி இந்த மண்ணுக்கு நேற்று வந்ததில்லை. சைக்கிள் மிதித்தால் போய்விடுகிற அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது செங்கல் தொட்டிகள் கிடைத்தன. சாயத் தொட்டிகள் என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து நீலத்துணி செனகல் வரை கப்பலேறியது. இரண்டாயிரம் வருஷத் தொழில். அதைத் தொல்லியல் கணக்கில் முழுசாகச் சேர்த்துவிடும் பெருமை நம் ஆட்சியாளர்களுக்கே.

இதே ஊரில் இன்னொரு மில் சவானா. 1936 ஜூலை 30-இல் அங்கே போராடிய தொழிலாளர்கள் 12 பேரைப் பிரெஞ்சுக்காரன் சுட்டுக் கொன்றான். மறுவருஷம் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. அந்தத் தியாகிகளுக்கு வருஷா வருஷம் மாலை போடுகிறார்கள். சவானா பெயர் மாறி சுதேசியானது, அதற்கும் பூட்டு. எட்டு மணி நேரத்தைப் பூஜ்யமாக்கிய பிறகும் மாலை மட்டும் நிற்கவில்லை. பூக்காரம்மாவுக்காவது வேலை இருக்கிறதே.

புது பஸ் ஸ்டாண்டைப் புதுப்பிக்க இடித்தபோது, தற்காலிக பஸ் ஸ்டாண்டு எங்கே போனது? ரோடியர் மில் திடலுக்குத்தான். வெயிலில் புழுதி, மழையில் சேறு.

டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: “ஏம்ப்பா, மேரி மாதிரி மில்லும் இடிஞ்சு விழுந்தா திரும்பக் கட்டுவாங்களா?”

“விழுந்தா மனை போட்டு வித்துடுவாங்க பெரியப்பா.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “அப்போ மொதல்ல அதைக் கடல் பக்கமா நவுத்தணும்டா!”