யாருக்கும் இல்லாத பெயர்

ஸ்ரீ கெம்பாங்கானில் ‘யாருக்கும் இல்லாத பெயர்’ தேடுகிறவர்கள் எல்லாரும் யாழினியில் வந்து நிற்கிறார்கள். பாலர் பள்ளியில் கூப்பிட்டால் நாலு தலை திரும்புகிறது. பிறப்பைப் பதிய 60 நாள் அவகாசம். அதில் பெரும்பகுதியை எண்கணித ஜோதிடர் எடுத்துக்கொண்டு, ரூமி எழுத்தில் ஓர் ‘எச்’சும் இரண்டு ‘ஐ’யும் சேர்த்துத் தருகிறார். கிளினிக்கில் மலாய்த் தாதி மூச்சைப் பிடித்து, “யாஸ்ஹீனி ஏ பி...” என்கிறார். அம்மா அசையவில்லை, அது வேறு யாரோ!

2006-இல் தேசியப் பதிவிலாகா வெளியிட்ட வேண்டாத பெயர்ப் பட்டியலில் பழம், காய்கறி, ஜப்பான் கார்களோடு நம் கருப்புசாமியும் மாட்டினார். பாவம், அவரை உச்சரிக்க யாருக்கும் சிரமமே இருந்ததில்லை. யாழினிக்குத் தடையில்லை. பாட்டி மட்டும் வம்பே வேண்டாமென்று ‘கேர்ள்’ என்று கூப்பிடுகிறார்.