எரிமலைக்குப் பக்கத்தில் எறும்பு

1978-இல் நான் ஏழாம் வகுப்பு. எறும்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார் அறிவியல் ஆசிரியர். பாடப்புத்தகத்தில் நாலு வரிதான் இருந்தது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் உண்டு. பத்துத் தொகுதிகள், கண்ணாடி அலமாரி, பூட்டு. வீட்டுக்குத் தர மாட்டார்கள். நூலகர் தேநீர் குடித்துவிட்டு வரும்வரை காத்திருப்பேன். "கையைக் கழுவிட்டு வா தம்பி" என்பார். கழுவிவிட்டு வந்து இரண்டு கையாலும் வாங்குவேன்.

எறும்புக்கு றகரம். அதற்கு முன்னாலேயே எரிமலை வந்துவிடும், அதைத் தாண்டினால் எலும்பு. இரண்டையும் விட மனம் வராது. எறும்பை எட்டும்போது நூலகம் மூடும் நேரம். மறுநாள் மறுபடி போனேன். கட்டுரை ஒரு நாள் தாமதம். ஆனால் பூமிக்குள் பாறை உருகிக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்ட அந்த மாலையை இன்னும் மறக்கவில்லை.

போன மாதம் பேத்திக்கு எரிமலை. அவளும் ஏழாம் வகுப்புதான். கைப்பேசியில் தேடி, பத்தே நிமிடத்தில் நாலு பக்கம் அச்செடுத்துவிட்டாள். "மாக்மாவுக்கும் லாவாவுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்றேன். விழித்தாள். குழந்தையைக் குறை சொல்ல மாட்டேன். எங்கே தேடலாம் என்று அவளுக்கு யாருமே காட்டவில்லை, நான் உட்பட. அதுதான் எனக்கு வலித்தது.

நான் காத்துக் கிடந்த அதே பத்துத் தொகுதிகளும் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இருக்கின்றன. பூட்டு இல்லை, கட்டணம் இல்லை. திறந்து கொடுத்தேன்.

"இதை யாரு தாத்தா எழுதினது?"

பெரியசாமித் தூரனைப் பற்றிச் சொன்னேன். தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்காகப் பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக 1968-இல் முடித்தவர், அதே ஆண்டு குழந்தைகளுக்கானதைத் தொடங்கி 1976 வரை உழைத்தார். துறை அறிந்தவர்கள் எழுத, பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது. கைப்பேசியில் அவள் எடுத்த நாலு பக்கத்தில் எழுதியவர் பெயரே இல்லை.

நூலுக்கு வயதாகிவிட்டது, அதையும் மறைக்கவில்லை. அமெரிக்காவின் செயின்ட் எலன்ஸ் எரிமலை வெடித்தது 1980-இல், பிலிப்பைன்ஸின் பினடுபோ 1991-இல். இவை அதில் இருக்க வழியில்லை. அவற்றைத் தமிழ் விக்கிப்பீடியாவில் பார்க்கவும், அங்கே கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்களைத் திறந்து சரிபார்க்கவும் சொல்லிக்கொடுத்தேன். மாக்மா பூமிக்குள் இருப்பது, வெளியே வந்தால் லாவா என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.

இரவு சாப்பிடக் கூப்பிட்டேன். எழுந்து வரவில்லை. எட்டிப் பார்த்தேன். எரிமலை எப்போதோ முடிந்திருந்தது.

"கொஞ்சம் இருங்க தாத்தா, எறும்புல இருக்கேன்."