ஒத்தை பிளேடு

குமணன்சாவடியில் மாங்காடு ரோடு பிரிகிற முனைக்குப் பக்கத்தில் அப்போது ஒரு சலூன். மரநாற்காலி, தினத்தந்தி, கரகர ரேடியோ. கடைக்கார அண்ணன் வெந்நீரில் கன்னத்தை ஊறவைத்து, முடி சாய்ந்த வாக்கிலேயே கத்தியை ஒரு இழுப்பு இழுப்பார். “எதிர்ப்பக்கமும் ஒரு வாட்டி இழுங்கண்ணே, மழமழன்னு இருக்கும்” என்றால், “இருக்கும் தம்பி, அப்புறம் கொப்புளத்தோட எங்கிட்டயே வந்து நிப்ப” என்று சொல்லிப் படிகாரக் கட்டியைத் தேய்த்துவிடுவார். சுரீரென்று எரியும். வைத்தியம் அவ்வளவுதான்.

அதே கட்டிதான் பேட்டையில் எல்லார் கன்னத்துக்கும் என்று யாரும் கவலைப்படவில்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அந்தப் பயம் எங்கள் பக்கம் வந்து சேர்ந்த பிறகுதான் கத்தி போய், ஆளுக்கொரு பாதி பிளேடு வந்தது.

பிறகு முன்னேற்றம். 1998இல் ஜில்லெட் மூன்று பிளேடு வைத்தது, 2006இல் ஐந்து. முன்னால் போகிற பிளேடு முடியைப் பிடித்து இழுக்க, பின்னால் வருவது அதைத் தோல்மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடும். சுருட்டை முடிக்காரன் நான். கூராக வெட்டுப்பட்ட நுனி வெளியே வராமல் உள்ளேயே வளைந்து குத்தியது. தாடைக்கடியில் கொத்துக் கொத்தாகப் பரு, சிலதில் சீழ். அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டார். மெடிக்கலில் ஸ்டீராய்டு கலந்த ட்யூப் ஒன்றைச் சீட்டே கேட்காமல் கொடுத்தார்கள். பூசினால் அடங்கும், விட்டால் வட்டியோடு வரும்.

இப்போது குமணன்சாவடியில் மெட்ரோ தூண்கள். தோல் டாக்டர்களுக்கும் குறைச்சலில்லை. ஒருவர் சொன்னார்: “வெந்நீர்த் துணியால பத்து நிமிஷம் ஒத்தடம் குடுங்க. கிள்ளாதீங்க, ஊசியால நோண்டாதீங்க. ஆறுற வரைக்கும் ஷேவ் வேணாம். அப்புறம் ஒத்தை பிளேடு, முடி வளர்ற வாக்குல மட்டும். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வாங்க. சுகர் இருந்தா வீட்டு வைத்தியமே வேணாம்.” பாதி, அண்ணன் ஓசியில் சொன்னது. ஒத்தை பிளேடுக்கும் அலையவில்லை. சிக்கனக்கார இந்தியர்களுக்கென்றே 2010இல் அதே ஜில்லெட் 15 ரூபாய்க்கு ஒன்று இறக்கியிருந்தது.

மகனுக்கும் என் சுருட்டை முடிதான். தாடையில் ஒரு பரு கிடையாது. துரை ஷேவே செய்வதில்லை. தாடிக்கு எண்ணெய், தாடிக்கு ஷாம்பு, தாடிக்குத் தனிச் சீப்பு என்று அவன் செய்கிற செலவில் நான் ஐந்து பிளேடே வாங்கியிருப்பேன்.