களபத்துக் குரல்

கேள்வி: ஆப்பிரிக்காவில் சுவாஹிலிக்கென்றே பொழுதுபோக்கு சேனல் இருக்கிறதாமே! நம்ம கிராமத்துப் பாட்டுக்கு டிவியில் இடம் உண்டா?
- வாசகர், ஆலங்குடி

பதில்: உண்டு. சாட்சி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது!

தான்சானியாவில் ‘மைஷா மேஜிக் போங்கோ’ சேனல் உள்ளூர்ப் படங்களையும் தொடர்களையும் சுவாஹிலியிலேயே கொடுக்கிறது. இங்கே 2018-இல் விஜய் டிவியின் ‘சூப்பர் சிங்கர்’ ஆறாவது சீசன் பட்டத்தைத் தட்டிச் சென்றவர், புதுக்கோட்டை மாவட்டம் களபத்துக்காரர் செந்தில் கணேஷ். சினிமாப் பாட்டு கோலோச்சிய மேடையில் வேட்டி கட்டி நின்று மக்களிசையை எடுத்துவிட்டார், கைதட்டலை அள்ளினார். அதே போட்டியில் அவர் மனைவி ராஜலட்சுமியும் பாடினார். பிறகு தமிழ் ‘புஷ்பா’ படத்தின் ‘சாமி சாமி’ பாட்டு அவர் குரலில்தான் ஊரெல்லாம் ஒலித்தது.

ஒரு சீசனோடு இது நின்றுவிடக் கூடாது. திருவிழா மேடைகளில் பாடுகிறவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரமாவது சேனல்கள் ஒதுக்க வேண்டும். நீங்களும் எழுதிக் கேளுங்கள்.